இளவரசரின் கெண்டைக்கால்

இந்தப் போலீஸ் ஸ்டேஷன் நாற்காலி உட்கார வசதியாக இருக்கிறது, சார்ஜென்ட். முகஸ்துதிக்காகச் சொல்லவில்லை. ஒரு மாதமாக நான் சிம்மாசனத்தில் உட்கார்ந்து வருகிறேன். அது பழைய சோப்புப் பெட்டிகளை அடுக்கித் தங்க நிறக் காகிதம் ஒட்டியது. அதில் ஓர் ஆணி தலை தூக்கியபடியே இருக்கும். அதனால் நல்ல நாற்காலியைக் கண்டால் எனக்கு உடனே தெரிந்துவிடும்.

என் பெயர் ஹெஸ்டர் பில்பீம். கொரிந்தியன் அரங்கில் பதினாறு வருடங்களாக பாலே ஆடுகிறேன். பின் வரிசையில் வெள்ளைப் பாவாடை கட்டிக்கொண்டு கையைத் தூக்கி நிற்கும் பெண்களில் ஒருத்தி என்று நினைத்துவிட வேண்டாம். நான் இளவரசர். லண்டன் பாலேயில் இளவரசர் என்றால் பெண்தான் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆண்பிள்ளை ஒருவன் இறுக்கமான காலுறை மாட்டிக்கொண்டு மேடையில் வந்து நின்றால், குடும்பத்தோடு வந்தவர்கள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்கள்? பாக்தாத் இளவரசர், டென்மார்க் இளவரசர், ஒருமுறை வண்டுகளின் இளவரசர், எல்லாம் நான்தான். பிளாக்ஹீத்தில் ஒரு விதவைச் சீமாட்டி எனக்கு வாரம் தவறாமல் வயலட் பூ அனுப்புவார். நான் பெண் என்பது அவருக்குத் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

இளவரசருக்கு முகம்கூட அவ்வளவு முக்கியமில்லை. கெண்டைக்கால் முக்கியம். மூன்றாம் மாடியில் மலிவு இருக்கையில் உட்கார்ந்திருப்பவனுக்கு உங்கள் கண்ணீர் தெரியாது, கெண்டைக்கால் தெரியும். எங்களைப் போன்ற பெண்களுக்கு அந்த இடத்தில் ஆண்டவன் தாராளமாக எதையும் வைக்கவில்லை. ஆகவே உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த காலுறை போடுவோம். போட்டுக்கொண்டால் நமக்கே நம் மேல் ஒரு மரியாதை வந்துவிடும்.

இதை ஒட்டி எங்கள் அலங்கார அறையில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக இளவரசர் வேஷம் கட்டுகிறவளை ஊசி குத்தி வரவேற்போம். ஊசியின் தலையில் சின்ன ரிப்பன் கட்டியிருக்கும். அவள் பார்க்காத நேரத்தில் கெண்டைக்காலில் சொருகிவிடுவோம். பஞ்சில்தானே போகிறது, அவளுக்குத் தெரியவே தெரியாது. மேடையில் ரிப்பன் ஆட ஆட அவள் காதலைச் சொல்லிக்கொண்டிருப்பாள். நாங்கள் பக்கத் திரைக்குப் பின்னால் வாயில் துணியை அடைத்துக்கொண்டு நிற்போம். என் முதல் நாளில் ஃப்ளோரி ஸ்டப்ஸ் ஒரு யூனியன் ஜாக் கொடியையே குத்தி அனுப்பினாள். அப்போது நான் வெனிஸ் இளவரசர். அந்தக் கொடியோடுதான் வெனிஸை மீட்டேன்.

ஃப்ளோரி என் தோழி. எல்லா பாலேயிலும் தளபதி வேஷம் அவளுக்குத்தான். அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதம் முன்பு எங்கள் முதலாளி மிஸ்டர் க்ளட்டர்பக் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

“உக்காரும்மா ஹெட்டி. மகாராணி பட்டத்துக்கு வந்த அறுபதாம் வருஷ விழா வருது. ஊரே திரண்டு வரப்போகுது. புதுசா எதையாவது காட்டியாகணும். மிலான்லேருந்து ஒரு ஆம்பிளையை வரவழைக்கிறேன்.”

“எதுக்குங்க?”

“இளவரசரா ஆடத்தான்.”

“ஆம்பிளை எப்படிங்க இளவரசரா ஆட முடியும்?”

அவர் சுருட்டைக் கீழே வைத்தார். “எனக்கும் அதான் புரியல. ஆனா அவங்க ஊர்ல அப்படித்தானாம்.”

“அப்ப எனக்கு?”

“இளவரசரோட அம்மா. சிம்மாசனத்துல ஜம்முனு உக்காந்திருக்கலாம். பையன் வந்து முட்டி போடுவான், தலையில கை வெச்சு ஆசீர்வாதம் பண்ணு. அவ்வளவுதான். கால் வலியே கெடையாது.”

“பையனுக்கு என்ன வயசு?”

“உன்னைவிட ரெண்டு கூட. இல்ல, மூணு.”

நான் கோபப்படவில்லை. நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். போய்த் தேநீர்க் கூஜாவைச் சுவரில் வைத்தேன். அது அங்கே நிற்கவில்லை.

சிம்மாசனம் என்றால் என்ன என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். எங்கள் அரங்கில் அதில் உட்கார்ந்தவள் மறுபடி எழுந்து ஆடியதாகச் சரித்திரமே இல்லை. முதலில் ராஜமாதா. பிறகு சூனியக்காரி. அதன்பிறகு கீழ்த்தளத்தில் மற்றவர்களின் காலுறையைத் துவைக்கிற வேலை. நான் இளவரசராகவே இருந்துவிட நினைத்தேன். இதில் பேராசை எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சிஞோர் தொனாட்டோ பெர்காமி வந்து சேர்ந்தார். அவரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மரியாதையான மனிதர். கண்ணாடி இருக்கும் எந்த இடத்தையும் சும்மா கடந்து போகமாட்டார், அவ்வளவுதான். முதல் நாளே என் கையில் முத்தமிட்டு “மம்மா” என்று கூப்பிட்டார். வேஷத்தில் ஊறிப்போக வேண்டுமாம். ஒத்திகையிலும் மம்மா, மாடிப்படியிலும் மம்மா, தெருமுனை ரொட்டிக்கடையில் நாலு பேர் நடுவிலும் மம்மா. ரொட்டிக்கடைக்காரர் எனக்கு வயதானவர்களுக்கான இருமல் மருந்தைச் சிபாரிசு செய்தார்.

முதல் ஆட்டம். ‘பவளத் தீவு’ என்பது பாலேயின் பெயர். இளவரசர் டிராகனைக் கொல்லப் புறப்படும் முன் ராஜமாதாவிடம் ஆசி வாங்குகிறார். டிராகன் சற்றுத் தள்ளிப் படுத்துத் தூங்குகிறது. அதற்குள்ளே இரண்டு பேர் இருப்பார்கள். சிஞோர் பெர்காமி என் பக்கத்தில் வந்து, முதுகைப் பாதி காட்டி மண்டியிட்டார். அப்போதுதான் அந்தக் கெண்டைக்காலை அருகில் பார்த்தேன்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவர்மேல் பரிதாபம்தான் வந்தது. யாரோ ஒரு தையல்காரி அவரை நன்றாக ஏமாற்றியிருக்கிறாள், அரைத் தலையணையைத் திணித்திருக்கிறாள் என்று நினைத்தேன். பதினாறு வருடத்தில் சொந்தக் கெண்டைக்கால் உள்ள ஓர் இளவரசரை நான் கண்டதில்லை. உங்கள் காலில் இருப்பது சொந்தம்தான் என்பதை நான் நம்புகிறேன், சார்ஜென்ட். ஆனால் நீங்கள் இளவரசர் அல்ல.

ஆகவே வழக்கப்படி வரவேற்பு ஊசியைக் குத்தினேன். சாதாரணத் தொப்பி ஊசி. பச்சை ரிப்பன். கொஞ்சம் ஆழமாகத்தான் குத்தினேன். பஞ்சு அதிகம் என்ற கணக்கில் குத்தியது அது, குரோதத்தில் அல்ல.

சிஞோர் பெர்காமி மேலே போனார். மண்டியிட்ட நிலையிலிருந்து ஒரு மனிதர் அப்படிப் போவதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. டிராகனை முழுசாகத் தாண்டினார். டிராகனின் முன்பாதி தலையை நிமிர்த்திப் பார்த்தது. பின்பாதிக்கு எதுவும் தெரியாது, பாவம். சிஞோர் பெர்காமிக்குப் பழகிய உடம்பல்லவா, அந்தரத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றி, இறங்கும்போது கையை விரித்து அழகாக நின்றார். பிறகு கூரை இடிந்து விழுந்ததுபோல் கைதட்டல்.

ஊசி என் கையிலேயே இருந்தது. திரை விழுந்ததும் ஃப்ளோரி அதை வாங்கிப் பார்த்தாள்.

“ஏன்டி ஹெட்டி, பஞ்சு எப்பலேருந்துடி ரத்தம் விடுது?”

“அது துரு.”

“ஈரமான துருவா?”

“லண்டன்ல எல்லாமே ஈரம்தான்.”

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, “பாவம்டி அந்த ஆளு, இனிமே வேணாம்” என்றாள். நானும் சரியென்றேன். அது ஒரு தவறு, நடந்துவிட்டது, முடிந்துவிட்டது. நான் அங்கேயே நிறுத்தியிருப்பேன்.

மிஸ்டர் க்ளட்டர்பக் விடவில்லை. மேடைக்கு ஓடி வந்து சிஞோர் பெர்காமியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். “இதுதான்யா எனக்கு வேணும். தினமும் இதே எடம், இதே ஒசரம். ஒரு அங்குலம் கொறையக் கூடாது.” மறுநாள் ஒத்திகையில் அந்த மனிதர் முயன்று பார்த்தார். ஒரு நாற்காலியைத் தாண்ட முடிந்தது, டிராகனின் வாலைத் தாண்ட முடியவில்லை. வாலின் மேல்தான் இறங்கினார். பின்பாதி கெட்ட வார்த்தை சொன்னது. முதலாளியின் முகம் கறுத்துவிட்டது. அறுபது குடும்பங்கள் அந்த அரங்கை நம்பி இருக்கின்றன, சார்ஜென்ட். அவர்களை நினைத்துத்தான் நான் அன்றைக்கும் ஊசியை எடுத்துக்கொண்டு போனேன். ரிப்பனை மட்டும் கழற்றிவிட்டேன்.

இப்படியாக அது தினசரி வேலையாகிவிட்டது. நான் நியாயமாகவே நடந்துகொண்டேன். ஒருநாள் இடது கால், ஒருநாள் வலது கால். சதைக்கும் பழகிப்போகும் குணம் உண்டு, அதனால் வாரத்துக்கு வாரம் சற்றுக் கூடுதலாக அழுத்த வேண்டியிருந்தது. வேறு எந்த விதத்திலும் நான் எல்லை மீறவில்லை. உடை அறைக்காரி அவர் காலுறையில் விழுந்த ஓட்டைகளைப் பார்த்துப் பூச்சி அரிக்கிறது என்று கற்பூரம் போட்டு வைத்தாள்.

அவருக்குச் சந்தேகம் வரவில்லையா என்று கேட்கிறீர்கள். சந்தேகம் வர, தன்னைத் தவிர இன்னொருவர் மேடையில் இருப்பதாக முதலில் நினைக்க வேண்டும். ஒருநாள் என்னிடமே வந்து சொன்னார்.

“மம்மா, உங்க பக்கத்துல முட்டி போட்டா எனக்கு என்னமோ ஆகுது. சொர்க்கத்துலேருந்து ஒரு நெருப்பு வந்து தொடுது. எங்க ஊரு புனிதர் அம்புரோஸ்தான்.”

“எங்க தொடறாரு?”

“கால்ல. பின்பக்கம்.”

“புனிதர்ங்க எப்பவும் பின்னாடிதான் நிப்பாங்க. அடக்கம்.”

அவர் நெகிழ்ந்துபோய் எனக்கு ஒரு மெழுகுவத்தி வாங்கித் தந்தார். அன்றிலிருந்து மண்டியிடும் முன் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்வார். அவர் கண்ணை மூடியிருக்கும் அந்த நேரம் எனக்கும் சௌகரியமாக இருந்தது.

பத்திரிகைகளில் எழுதினார்கள். ‘பெர்காமித் தாவல்’ என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். காற்று அவருக்கு அடிமை என்று ஒருவர். புவியீர்ப்பு வெட்கி நின்றது என்று இன்னொருவர். நான் எல்லாவற்றையும் வாங்கிப் படித்தேன். ராஜமாதாவைப் பற்றி ஒரே ஒருவர் ஒரு வரி எழுதியிருந்தார். ‘சிம்மாசனத்தில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார்.’ அதைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்த அம்மாள் மட்டும் உட்காராமல் இருந்திருந்தால் புவியீர்ப்பு எதற்கு வெட்கப்பட்டிருக்கும்?

இனி சனிக்கிழமைப் பகலாட்டத்துக்கு வருகிறேன். நீங்கள் எதிர்பார்த்திருப்பது அதைத்தான்.

அதற்குச் சில நாள் முன்பே சிஞோர் பெர்காமி நொண்ட ஆரம்பித்திருந்தார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இங்கிலாந்தின் ஈரம் இத்தாலியக் கெண்டைக்காலில் இறங்கியிருக்கிறது என்றார். இரண்டு காலிலும் கம்பளித் துணியை மொத்தமாகச் சுற்றிக்கொண்டு அதன்மேல் காலுறை போடச் சொன்னார். அதாவது, கடைசியில் அவரும் எங்களைப் போல் ஆகிவிட்டார். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. இந்த விஷயத்தில் டாக்டரையும் விசாரிப்பது நல்லது.

அரங்கு நிறைந்திருந்தது. எல்லோரும் தாவலுக்காக வந்தவர்கள். அவர் சிலுவை போட்டு மண்டியிட்டார். நான் குத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. வாத்தியக் குழு அந்த இடத்து இசையை இரண்டாம் முறை வாசித்தது. மறுபடி குத்தினேன். அவர் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தார். மூன்றாம் முறையும் வாசித்தார்கள். மேல்மாடியில் யாரோ, “என்னப்பா, குதிரைக்குக் கொள்ளு வைக்கலியா?” என்று கத்தினான். தரையைக் காலால் தட்ட ஆரம்பித்தார்கள். பக்கத் திரையில் முதலாளி தொப்பியைக் கடித்துக்கொண்டு நின்றார்.

சிஞோர் பெர்காமி தலையை மட்டும் என் பக்கம் திருப்பினார். “மம்மா,” என்றார் மெதுவாக, “இன்னிக்கு அவரு வரல. எனக்காக வேண்டிக்கோங்க.”

அந்த மனிதர் என்னிடம் உதவி கேட்டார், சார்ஜென்ட். அதையும் தயவுசெய்து எழுதுங்கள்.

என் கிரீடத்தை டோப்பாவோடு பிணைக்க ஓர் ஊசி உண்டு. கம்பளி பின்னும் ஊசி நீளம் இருக்கும். அதை உருவினேன். கிரீடம் சாய்ந்தது. கெண்டைக்காலில் பயனில்லை என்பது தெளிவாகிவிட்டது. ஆகவே கம்பளி சுற்றாத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். அது பெரிய இடம், தவற வழியில்லை. ஆசீர்வதிக்கும் பாவனையில் முன்னால் சாய்ந்து, என் எடை முழுவதையும் கொடுத்தேன்.

அவர் கத்தினார். இத்தாலிய மொழியில் கத்தியதால் பாட்டு என்று நினைத்துக்கொண்டார்கள். டிராகனைத் தாண்டினார். மேடை விளிம்பு விளக்குகளைத் தாண்டினார். வாத்தியக் குழுத் தலைவரின் தலையைத் தாண்டினார். அந்தத் தலைவர் முன்யோசனையோடு குனிந்துகொண்டார். பிறகு சிஞோர் பெர்காமி பெரிய முரசின் மேல் தலைகீழாக இறங்கி, உள்ளே போய், இடுப்பளவில் நின்றுவிட்டார். இரண்டு கால்களும் மேலே தெரிந்தன. அப்போதும் பாதங்கள் நேராக நீட்டியே இருந்தன. அவருடைய பயிற்சியை நான் என்றைக்கும் மதிக்கிறேன்.

ஜனங்கள் எழுந்து நின்று, “இன்னொரு தரம், இன்னொரு தரம்” என்று கூவினார்கள். முரசை அறுத்து அவரை வெளியே எடுக்கும்வரை கூவினார்கள்.

ஒரு கால் முறிந்திருக்கிறது. ஒரு வாரத்துக்குக் குப்புறப் படுக்க வேண்டும். உற்சாகத்தில் கொஞ்சம் அதிகமாகத் தாவிவிட்டார் என்று எல்லோரும் நம்புகிறார்கள். நீங்களும் இன்று காலை வரை அப்படித்தான் நம்பினீர்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, “ஹெட்டி, புதன்கெழமையிலேருந்து நீதான் இளவரசர். ஆம்பிளையெல்லாம் நமக்கு ஒத்துவராதும்மா” என்றார். நான் கேட்டது அவ்வளவுதானே. கிடைத்துவிட்டது. என் பஞ்சுக் காலுறையை எடுத்து வெயிலில்கூடப் போட்டுவிட்டேன்.

நேற்று அவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போனேன். நோயாளிகள், தாதிகள், இரண்டு டாக்டர்கள், எல்லோரும் அவர் கட்டிலைச் சுற்றி நின்று கதை கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் குப்புறப் படுத்தபடியே கையால் காற்றில் வளைவு போட்டுக் காட்டினார். முகமெல்லாம் மகிழ்ச்சி.

“மம்மா, நீங்கதான் சாட்சி. இவங்களுக்குச் சொல்லுங்க. உலகத்துல இதுவரைக்கும் யாராவது அப்படித் தாவியிருக்காங்களா? எனக்கு மட்டும்தான் அது வரும். என்னோட சேந்தே அது செத்துப்போயிரும்.”

தாதி ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் ஆரஞ்சுப் பழத்தை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். இராத்திரி தூக்கம் வரவில்லை. மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே.

விடிந்ததும் ஃப்ளோரியிடம் சொன்னேன், போலீசிடம் போகிறேன் என்று. அவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“உனக்குப் பைத்தியமாடி? ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. வாயை மூடிக்கிட்டு இருந்தா புதன்கெழமை நீ இளவரசர். தொறந்தா ஜெயில்ல துணி தொவைக்கப் போற. எதுக்குடி இது?”

“உண்மைன்னு ஒண்ணு இருக்கு ஃப்ளோரி.”

“பதினாறு வருஷமா பஞ்சை வெச்சுக் கால்னு காட்டினியே, அப்ப எங்கடி போச்சு அது?”

அவள் தளபதி. அவளுக்குக் கலையின் பொறுப்பு புரியாது. தொப்பியை மாட்டிக்கொண்டு நேராக இங்கே வந்துவிட்டேன்.

ஆக, சார்ஜென்ட், என் வாக்குமூலம் இதுதான். முதல் ஊசி தவறு. மற்றவை எல்லாம் தெரிந்தே குத்தியவை. கடைசியாகக் குத்தியதை நன்றாக யோசித்து, இடம் பார்த்து, முழு மனதோடு குத்தினேன். இதை யாரும் என்னை வற்புறுத்திச் சொல்லவைக்கவில்லை. பொறாமையாலும் சொல்லவில்லை. பெயர், புகழ் எதுவும் எனக்கு வேண்டாம். ஒரு பாவத்தை இறக்கிவைக்க வந்தேன், அவ்வளவுதான். ‘அவரைத் தாக்கினேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு, ‘அந்தத் தாவலை உண்டாக்கினேன்’ என்று எழுதுங்கள். தண்டனை எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும். வாசலில் இரண்டு பத்திரிகைக்காரர்களை நிற்கச் சொல்லியிருக்கிறேன். அவர்களுக்கு ஒரு நகல் கொடுத்தால் போதும்.

கையெழுத்து இங்கேதானே? கொஞ்சம் பெரிதாகப் போடலாமா? சுவரொட்டியில் அவர் பெயர் இருக்கிற அளவுக்கு.